அத்தியாயம் 6: அடித்தாள் தையல் – கூர்முனை மழுங்காத கட்டங்கள்

முக்கோணங்களை அளந்து வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, இஸ்திரி போட்டு விரித்துப் பார்த்தால் கூர்முனையைக் காணோம். கில்ட் தைக்கத் தொடங்கிய எல்லோருக்கும் இந்த ஏமாற்றம் தெரியும். முனை பக்கத்துத் தையலுக்குள் போய்விட்டது. வெட்டும்போது ஒரு நூலளவு, தைக்கும்போது ஒரு நூலளவு, இஸ்திரிப் பெட்டி இழுத்ததில் ஒரு நூலளவு என்று சேர்ந்த பிசகு அதை விழுங்கிவிட்டது. ஒரு தையலுக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் 16 தையல் சேரும் ஒரு வளைவில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் கணக்கு உதைக்கும்.

இந்தப் பிசகு சேராமல் தடுப்பதுதான் அடித்தாள் தையல். கட்டத்தின் வரைபடத்தை ஒரு மெல்லிய தாளில் கோடுகளாக வரைந்துகொள்கிறோம். தாளின் பின்பக்கம் துணியை வைத்து, முன்பக்கக் கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டுகிறோம். எல்லாத் துண்டுகளும் சேர்ந்த பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிடுகிறோம். அளவு முழுவதும் தாளில் இருப்பதால் துணியைத் துல்லியமாக வெட்ட வேண்டியதே இல்லை. சுமாராக வெட்டலாம். தாராளமாக மட்டும் வெட்ட வேண்டும். இந்த அத்தியாயத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அந்த 'தாராளம்' என்ற சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

முறை புதியதல்ல. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் 'லாக் கேபின்' கட்டங்களைப் பழைய துணியை அடித்தளமாக வைத்து அதன் மேல் தைத்தார்கள். 1930-களின் பொருளாதார மந்த காலத்தில் செய்தித்தாளைக்கூட அடித்தளமாக்கி, கையில் கிடைத்த நாடா நாடாவான துண்டுகளைத் தைத்துச் சேர்த்தார்கள். மெஷினில் தாள் மேல் தைக்கும் இன்றைய முறையைப் பல வீடுகளுக்குக் கொண்டுபோனதில் கேரல் டோக் எழுதி 1994-இல் வெளிவந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. அறுகோணத் தாளின் மேல் துணியை மடித்துக் கையால் இணைக்கும் 'இங்கிலீஷ் பேப்பர் பீசிங்' வேறு முறை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேவையான பொருள்கள்

தாள்: 70 ஜிஎஸ்எம் ஏ4 தாள் போதும். அதைவிடத் தடித்தது வேண்டாம். கிழிக்கும்போது தையலையும் சேர்த்து இழுக்கும். அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. கையால் பிரதி எடுப்பவர்களுக்கு, ஆரி வேலைக்கு டிசைன் எடுக்கும் பட்டர் பேப்பர் வசதி. அச்சடித்த செய்தித்தாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மை துணியில் ஏறும்.

துணி: நெருக்கமாக நெய்த பருத்தி. பாப்ளின் தொடக்கத்துக்கு ஏற்றது. தளர்ந்த நெசவுள்ள கைத்தறித் துணி கால் அங்குல ஓரத்தில் பிரிந்துவரும். அதைப் பயன்படுத்த ஆசையிருந்தால் முதலில் நன்றாகக் கஞ்சி போடுங்கள். எந்தத் துணியானாலும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும்.

மெஷின்: நேர்த்தையல் போடும் எந்த மெஷினும் போதும். கால்மிதி மெஷினிலும் அருமையாக வரும். ஊசி 14-ஆம் நம்பர். வழக்கமாக இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு வைக்கும் தையலை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். நீளத்தை எண்ணில் காட்டாத மெஷின் என்றால் ஒரு துண்டுத் துணியில் தைத்து எண்ணிப் பாருங்கள்: ஓர் அங்குலத்துக்கு 16 அல்லது 17 தையல் விழ வேண்டும். நெருக்கமான துளைகள் இருந்தால்தான் தாள், தபால்தலை ஓரம்போல எளிதாகக் கிழியும். கிழிக்கும்போது தையலும் தளராது. தாள் ஊசியின் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும் என்பதால் இந்த வேலைக்கென்று ஓர் ஊசியை ஒதுக்கிவையுங்கள்.

மற்றவை: ஸ்கேல், கத்தரிக்கோல் அல்லது ரோட்டரி கட்டர், குண்டூசி, பசைக் குச்சி, தாளை மடிக்க ஒரு கெட்டி அட்டை. கடையில் எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் சேர்ந்துகிடக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் நேரான ஓரம் உள்ள ஒன்று போதும்.

தாளைத் தயாரித்தல்

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புதிய தாள் வேண்டும். பிரிண்ட் எடுப்பதானால் அளவை 100 சதவீதத்தில் வையுங்கள். 'தாளுக்கு ஏற்ப' என்ற தேர்வு இருந்தால் நீக்கிவிடுங்கள். வரைபடத்தின் மூலையில் ஓர் அங்குலச் சதுரம் ஒன்றை வரைந்து வைத்து, ஒவ்வொரு பிரதியிலும் அதை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாப் பிரதிகளையும் ஒரே மெஷினில், ஒரே நேரத்தில் எடுத்துவிடுங்கள். பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் அளவு மாறக்கூடும்.

பிரிண்டரே இல்லாமலும் பிரதி எடுக்கலாம். வரைந்த தாளுக்கு அடியில் ஆறேழு வெற்றுத் தாள்களை அடுக்கிப் பின் அடித்துக்கொள்ளுங்கள். மெஷினிலிருந்து மேல் நூல், பாபின் நூல் இரண்டையும் எடுத்துவிட்டு, கோடுகளின் மேல் வெறும் ஊசியை ஓட்டுங்கள். ஒவ்வொரு தாளிலும் துளைக்கோடு விழும். மை இல்லாததால் துணியில் கறை படியாது. துளை முன்பே விழுந்திருப்பதால் தாள் மடிப்பதும் கிழிப்பதும் சுலபம். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதை மட்டும் பென்சிலால் ஒவ்வொன்றிலும் குறித்துவிடுங்கள். துண்டுகளின் எண்களையும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எண் வரிசை ஏன் முக்கியம்?

வரைபடத்தில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். துணி சேர வேண்டிய வரிசை அது. இதன் பின்னால் இருக்கும் விதி ஒன்றுதான்: புதிதாகச் சேரும் ஒவ்வொரு துண்டும், அதுவரை தைத்த மொத்தத்தோடும் ஒரே நேர்க்கோட்டில் சேர வேண்டும். கோடு நடுவில் திரும்பினால் அந்தத் துண்டை இந்த முறையில் சேர்க்க முடியாது. அங்கே வரைபடத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். இந்த விதி பிடிபட்டால் நாளை உங்கள் சொந்த டிசைனுக்கும் நீங்களே எண் போட்டுவிடுவீர்கள்.

பயிற்சிக் கட்டம்: மூன்று வாத்துகள்

'பறக்கும் வாத்துகள்' என்பது கில்ட் உலகின் மிகப் பழகிய வடிவங்களில் ஒன்று. ஒரே திசையில் பறக்கும் முக்கோணங்களின் வரிசை அது. தாளில் 3 அங்குல அகலமும் 4½ அங்குல உயரமும் உள்ள செவ்வகம் வரையுங்கள். 1½ அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடு போட்டு மூன்று அறைகளாக்குங்கள். ஒவ்வோர் அறையிலும் மேல் கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து கீழ் மூலைகள் இரண்டுக்கும் கோடு இழுங்கள். நடுவில் இருப்பது வாத்து, இருபுறமும் வானம். செவ்வகத்தைச் சுற்றி வெளியே கால் அங்குலம் தள்ளி இன்னொரு கோடு வரையுங்கள். அது வெட்டும் கோடு.

எண்களைக் கீழிருந்து போடுங்கள். அடி வாத்து 1, அதன் இடப்பக்க வானம் 2, வலப்பக்க வானம் 3. நடு வாத்து 4, அதன் வானம் 5, 6. மேல் வாத்து 7, வானம் 8, 9. மேலிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் அறையை முடித்ததும் அடுத்த அறையை அதன் முனைப்பக்கமாகச் சேர்க்க வேண்டிவரும். நடு வாத்து அந்தக் கோட்டை ஒரு புள்ளியில் மட்டுமே தொடுகிறது. தைக்க நேர்க்கோடு இல்லை. கீழிருந்து போனால் நடு வாத்தின் அடிப்பக்கம் முழுவதும் கோட்டோடு படிகிறது. விதி இங்கே கண்ணுக்கு நேராகத் தெரியும்.

வாத்துக்கு 4½ × 2½ அங்குலச் செவ்வகம் மூன்று. வானத்துக்கு 3 அங்குலச் சதுரம் மூன்று. ஒவ்வொன்றையும் மூலைவிட்டத்தில் வெட்டினால் ஆறு முக்கோணம். இந்த முக்கோணங்களின் நீண்ட பக்கம் துணியின் கிராஸில் இருக்கும், இழுத்தால் நீளும். அந்தப் பக்கத்தை எப்போதும் உள்ளே, தையல் கோட்டில் வையுங்கள். நேர்வாட்டில் உள்ள குட்டைப் பக்கங்கள் கட்டத்தின் ஓரத்துக்கு வரும். ஓரம் நேர்வாட்டில் இருந்தால் கட்டம் நெளியாது.

இனி தையல்:

1. கோடு உள்ள பக்கம் கீழே இருக்கும்படி தாளைப் பிடியுங்கள். வாத்துத் துணியின் உள்பக்கம் தாளைத் தொட, நல்ல பக்கம் உங்களைப் பார்க்க, 1-ஆம் இடத்தின் மேல் வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். 1-ஐச் சுற்றியுள்ள எல்லாக் கோடுகளையும் தாண்டிக் கால் அங்குலமாவது துணி இருக்க வேண்டும். ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்டுங்கள்.

2. தாளைத் திருப்புங்கள். 1-க்கும் 2-க்கும் இடையிலுள்ள கோட்டில் அட்டையின் ஓரத்தைப் பொருத்தி, தாளை அட்டையின் மேல் மடியுங்கள். மடிப்புக்கு வெளியே துணி நீட்டிக்கொண்டிருக்கும். மடிப்பிலிருந்து கால் அங்குலம் விட்டு மீதியை வெட்டுங்கள்.

3. மடிப்பைப் பிரியுங்கள். வானத் துணியை நல்ல பக்கம் கீழாக, வாத்துத் துணியின் நல்ல பக்கத்தோடு சேரும்படி வையுங்கள். அதன் நீண்ட ஓரம் இப்போது வெட்டிய ஓரத்தோடு சரியாகப் பொருந்தட்டும். குண்டூசி குத்துங்கள்.

4. கோடு மேலே தெரியும்படி தாளைத் திருப்பி மெஷினில் வையுங்கள். கோடு தொடங்குவதற்கு நான்கைந்து தையலுக்கு முன்பே தொடங்கி, முடிந்த பிறகும் நான்கைந்து தையல் தாண்டி நிறுத்துங்கள். பின்னோக்கித் தைத்து முடிச்சிட வேண்டாம். அடுத்த தையல் குறுக்கே வந்து இதைப் பூட்டிவிடும்.

5. வானத் துணியைப் புரட்டி நகத்தால் நீவிவிடுங்கள். பிறகு இஸ்திரிப் பெட்டியைத் துணிப்பக்கத்தில் வைத்து அழுத்தி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஆவியும் வேண்டாம். ஈரம் பட்டால் தாள் சுருங்கி அளவு மாறும். மை ஒட்டக்கூடும் என்பதால் மேசை மேல் ஒரு பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

6. மறுபடியும் வெளிச்சத்தில் பாருங்கள். 2-ஆம் இடம் முழுவதும், அதன் ஓரங்களும் மூடியிருக்கின்றனவா? மூடியிருந்தால் 3-க்குப் போங்கள். அதே மடிப்பு, அதே வெட்டு, அதே தையல்.

4-ஆம் துண்டுக்கு வரும்போது நிதானமாகப் பாருங்கள். 2, 3-க்கான இரண்டு தையல்களும் வாத்தின் முனையில் ஒன்றையொன்று வெட்டி ஒரு பெருக்கல் குறியாக நிற்கும். குறுக்குக் கோடு அந்தப் பெருக்கல் குறியின் நடுப்புள்ளி வழியாகவே போகிறது. அந்தப் புள்ளியில் ஊசி இறங்கினால், அல்லது ஒரே ஒரு நூல் வெளியே தள்ளி இறங்கினால், முனை ஊசி முனைபோல நிற்கும். ஒரு நூல் உள்ளே போனால் வாத்தின் மூக்கு அறுந்துவிடும். முந்தைய தையல்கள் கோட்டைத் தாண்டியிருப்பதால் இங்கே தாளை மடிக்கும்போது கொஞ்சம் மாட்டிக்கொள்ளும். அந்த நான்கைந்து தையலைத் தாளிலிருந்து மெல்ல விடுவித்து மடியுங்கள். தாள் சற்றுக் கிழிந்தால் பாதகமில்லை.

ஒன்பது துண்டும் முடிந்ததும் வெளிக்கோட்டில் ஸ்கேல் வைத்து வெட்டுங்கள். கட்டம் 3½ × 5 அங்குலம் இருக்க வேண்டும். மேல் வாத்தின் முனை ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே நிற்கும். பக்கத்துக் கட்டத்தோடு சேரும்போது அந்தக் கால் அங்குலம் தையலுக்குள் போய், முனை கோட்டில் வந்து நிற்கும்.

இடவல மாற்றம்

நாம் கோடு உள்ள பக்கத்தில் தைக்கிறோம். துணியின் நல்ல பக்கம் தாளுக்கு மறுபுறம் இருக்கிறது. ஆகவே முடிந்த கட்டம் வரைபடத்தின் கண்ணாடி பிம்பமாக வரும். வாத்துகளில் இது தெரியாது, இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால். எழுத்தில் தெரியும். குழந்தையின் பெயரைத் துணியில் தைக்க நினைப்பவர்கள் நேர்க்கோடுகளால் ஆன 'ப', 'ட' இரண்டையும் வைத்துப் பழகலாம். 'ப' எந்தப் பக்கம் வரைந்தாலும் 'ப'தான். 'ட'வைத் தாளில் நேராக வரைந்தால் துணியில் திரும்பிக்கொள்ளும். நிமிர்ந்த கோட்டை வலப்பக்கம் வரைந்தால்தான் துணியில் சரியான 'ட' கிடைக்கும். சந்தேகம் வந்தால் தாளைத் திருப்பி ஜன்னலில் ஒட்டிப் பாருங்கள். பின்பக்கம் தெரிவதுதான் உங்கள் கட்டம்.

நுணுக்கமான கட்டங்கள்: பகுதி பகுதியாக

மாலுமிகளின் கடல் வரைபடத்தில் இருக்கும் திசைகாட்டி வடிவத்தை எடுத்துக்கொள்வோம். நடுவிலிருந்து எட்டு முனைகள் விரியும் எளிய வகையைக்கூட ஒரே தாளில் எண் போட்டுத் தைக்க முடியாது. நடுப்புள்ளியில் எல்லாக் கோடுகளும் சந்திப்பதால் ஒரே நேர்க்கோட்டு விதி உடைகிறது. எனவே அதை எட்டு ஆப்புகளாக வெட்டி, அ, ஆ, இ என்று பெயரிடுகிறோம். ஒவ்வோர் ஆப்பையும் சுற்றிக் கால் அங்குலம் விட்டுத் தனித்தனியாகத் தைத்து, பிறகு இணைக்கிறோம். இரண்டு சேர்ந்து கால், இரண்டு கால் சேர்ந்து அரை, இரண்டு அரை சேர்ந்து முழுமை. கடைசித் தையல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே நேர்க்கோடு.

இணைப்பில்தான் கட்டம் பிழைக்கும் அல்லது கெடும். 'அ'வின் மூலைப் புள்ளியில் ஒரு குண்டூசியைச் செங்குத்தாக இறக்கி, அதே ஊசியை 'ஆ'வின் மூலைப் புள்ளி வழியாக வெளியே எடுங்கள். அதைச் சாய்க்காமல் நிற்கவிட்டு, அதன் இருபுறமும் வேறு ஊசிகளைக் குத்தி இறுக்குங்கள். பிறகு நடு ஊசியை எடுத்துவிடுங்கள். முழுவதையும் உடனே தைக்காமல், முக்கியமான சந்திப்புகளில் மட்டும் பெரிய தையலாக நான்கு மில்லிமீட்டரில் ஓர் அங்குலம் தைத்து விரித்துப் பாருங்கள். முனைகள் சந்தித்தால் அதன் மேலேயே சிறிய தையலில் முழுதாக ஓட்டுங்கள். சந்திக்காவிட்டால் பெரிய தையலைப் பிரிப்பது அரை நிமிட வேலை. ஒன்றரை மில்லிமீட்டர் தையலைப் பிரிப்பது அரை மணி நேர வேலை.

இணைத்த தையலின் ஓரத்திலுள்ள கால் அங்குலத் தாளை மட்டும் உடனே கிழித்து எடுத்து, ஓரத் துணியை இருபுறமும் விரித்து இஸ்திரி போடுங்கள். ஒரே பக்கம் சாய்த்தால் எட்டு ஆப்பும் சேரும் நடுவில் துணி மேடு தட்டிவிடும்.

என் முதல் திசைகாட்டிக் கட்டம் எனக்கு இன்றும் பாடம். விலையுயர்ந்த துணி என்று ஒவ்வொரு துண்டையும் கோட்டின் அளவுக்கு ஒட்ட வெட்டினேன். சாய்ந்த நீள்முக்கோணங்களைப் புரட்டியதும் எட்டில் மூன்றில் நுனி மூடவில்லை. அந்த மூன்றையும் பிரித்து, புதிய துணி வெட்டி, மறுபடியும் தைத்தேன். மிச்சம் பிடிக்க நினைத்த துணியைவிட அதிகமாகச் செலவானது. சாய்ந்த துண்டு புரளும்போது கண் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது. அதனால் நீண்ட சாய்வுத் துண்டுகளுக்கு எல்லாப் பக்கமும் முக்கால் அங்குலம் கூடுதலாக விடுங்கள். தைப்பதற்கு முன் கோட்டில் குண்டூசி குத்திப் புரட்டிப் பார்த்துவிட்டால் தவறவே தவறாது.

தாளை எடுத்தல்

ஓரங்கள் நேர்வாட்டில் இல்லாத கட்டமானால், பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்து முடிக்கும்வரை தாள் உள்ளேயே இருக்கட்டும். அதுதான் துணி நெளியாமல் பிடித்துவைத்திருக்கிறது. எடுக்கும்போது கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணுக்கு வாருங்கள். தையலின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பிடித்து, மறுகையால் தாளைத் தையலோடு ஒட்டிப் பக்கவாட்டில் கிழியுங்கள். மூலையில் சிக்கும் துணுக்குகளைச் சிமிட்டாவால் எடுங்கள்.

குறையும் தீர்வும்

கிழிக்கும்போது தையல் தளர்கிறது: தையல் நீளம் அதிகம். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையுங்கள்.

வெளிர் துணிக்கு அடியில் கருநிற ஓரம் நிழலாடுகிறது: இரண்டு ஓரத்தில் கருநிறத்தை மட்டும் ஒரு நூல் குட்டையாக வெட்டி, வெளிர் ஓரம் அதை மூடும்படி விடுங்கள்.

பிரிக்கும்போது தாள் கோட்டிலேயே கிழிந்துவிட்டது: பின்புறம் செல்லோடேப் ஒட்டி மறுபடி தைக்கலாம். டேப் மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது, உருகும்.

கட்டங்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறுகின்றன: பிரதிகளின் ஓர் அங்குலச் சதுரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

அடுத்த அத்தியாயத்தில் திசைகாட்டிக் கட்டத்தை முழு அளவில் தைக்கப்போகிறோம். அதற்கு முன் இந்த வாத்து வரிசையை நான்கு தைத்துவிடுங்கள். முதல் இரண்டில் கை அட்டைக்கும் மடிப்புக்கும் பழகும். மூன்றாவதில் கண் கோட்டை நம்பத் தொடங்கும். நான்காவதில் முனைகள் தாமாக வரும். துணியைத் தாராளமாக வெட்டுங்கள். கோட்டைவிட்டு விலகாமல் தையுங்கள்.